மூடுபனியில் ஒரு வெப்கேம்: கோத்தகிரி அருகே மளிகைக் கடைக் கதவை உடைத்தது யார்?

பின்னணி

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் சாலையை விட்டுச் சற்று உள்ளே, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு குடியிருப்பு. ஊர்ப் பெயரும் ஆட்களின் பெயரும் இங்கே வேண்டாம். குடியிருப்பு முடிந்து சரிவு தொடங்கும் இடத்தில் ஒரு சின்ன மளிகைக் கடை இருக்கிறது. ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி நடத்துகிறார். முன்பக்கம் பலகைக் கதவு, பின்பக்கம் சரக்கு அறைக்குத் தகரக் கதவு. அவர் வீடு கடைக்குக் கொஞ்சம் மேலே, சத்தம் போட்டுக் கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில்.

ஐப்பசி மழை தொடங்கிய சமயத்தில் ஒருநாள் காலை அந்தத் தகரக் கதவு கீழ்ப்பக்கம் நெளிந்து கிடந்தது. உள்ளே பாமாயில் பாக்கெட்டுகள் கிழிந்திருந்தன, வெல்லம் சிதறியிருந்தது. கோத்தகிரி, குன்னூர் வட்டாரத்தில் கரடி இப்படிப் புகுவது யாருக்கும் புதிதல்ல. கோவிலுக்குள் போய் விளக்கில் ஊற்றிய எண்ணெயைக் குடித்துவிட்டுப் போகும், கடைக் கதவையும் பெயர்க்கும். அதனால் எல்லோரும் கரடி என்று சொல்லி முடித்துவிட்டார்கள்.

கொஞ்ச நாள் கழித்து மறுபடியும் கதவு உடைந்தது. இந்த முறை எண்ணெயோடு பீடிக் கட்டுகளும் சில்லறை டப்பாவும் காணவில்லை என்று கடைக்காரம்மா சொன்னார். கரடி எப்போதிலிருந்து பீடி குடிக்க ஆரம்பித்தது என்று டீக்கடையில் கேலி பேசினார்கள். கேலி ஓய்ந்ததும் ஒரு இளைஞனின் பெயர் அடிபட ஆரம்பித்தது. கூலி வேலைக்குப் போகிறவன், குடிப்பழக்கம் உண்டு, கடையில் பழைய பாக்கி வேறு இருந்தது. இதைத் தவிர அவன் மேல் சந்தேகப்பட வேறு காரணம் எதுவும் இல்லை. கதவில் கீறல்கள் இருந்தன. ஆனால் அது பழைய தகரம். நகமா கடப்பாரையா என்று பார்த்தவர்களாலேயே ஒன்றுபோலச் சொல்ல முடியவில்லை.

கேமரா வைக்கும் யோசனையைச் சொன்னவர் அதே குடியிருப்பைச் சேர்ந்த இன்னொரு இளைஞர். கோத்தகிரியில் செல்போன் பழுது பார்க்கும் கடையில் வேலை செய்கிறார். "அக்கா, என்கிட்ட பழைய வெப்கேம் ஒன்று சும்மா கிடக்குது. ராத்திரியில் பார்க்கிற மாதிரி மாற்றித் தர்றேன்" என்றார். "பண்ணு தம்பி. ஆனா படம் தெளிவா விழுற வரைக்கும் யார் பேரையும் வெளியே சொல்லிராதே" என்பது கடைக்காரம்மா போட்ட நிபந்தனை. பின்னால் இந்த நிபந்தனைதான் காப்பாற்றியது.

கேமரா வைத்துப் படங்கள் வர ஆரம்பித்த பிறகு, அவற்றைப் பார்க்கச் சொல்லி செல்போன் கடை இளைஞர் என்னையும் கூப்பிட்டார். அதற்கு முன் நடந்தவை அவர் சொல்லிக் கேட்டவை. பின் நடந்தவற்றை நானே பார்த்தேன்.

ஏன் வெப்கேம்?

பணம்தான் காரணம். சிசிடிவி என்றால் கேமரா, ரெக்கார்டர், ஹார்ட் டிஸ்க், வயர் என்று செலவு கூடிக்கொண்டே போகும். வெப்கேம் அவரிடமே இருந்தது. கீபோர்டு போன ஒரு லேப்டாப்பும் இருந்தது. அதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு, அசைவு தெரிந்தால் மட்டும் படம் பிடிக்கும் 'மோஷன்' என்ற இலவச மென்பொருளை ஏற்றினார். விலை கொடுத்து வாங்கியது அகச்சிவப்பு எல்ஈடி விளக்கையும் அதற்கான 12 வோல்ட் அடாப்டரையும் மட்டும்.

மாற்றினால் வெப்கேம் இருட்டில் எப்படிப் பார்க்கும்? அதில் ஒளியை வாங்குவது சிலிக்கான் சென்சார். ஒளியின் அலைநீளம் 700 நானோமீட்டர் பக்கம் வரும்போதே நம் கண் ஏறக்குறைய நின்றுவிடும். சிலிக்கானுக்கு ஏறத்தாழ 1100 வரை தெரியும். அகச்சிவப்பு எனப்படும் இந்த அதிகப்படி ஒளி உள்ளே வந்தால் பகல் படத்தில் நிறங்கள் கெட்டுப்போகும். அதைத் தடுக்கத்தான் லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவே ஒரு வடிகட்டிக் கண்ணாடி வைக்கிறார்கள். அதை எடுத்துவிட்டு அகச்சிவப்பு விளக்கைப் போட்டால் நமக்கு இருட்டாக இருக்கும் இடம் கேமராவுக்கு வெளிச்சமாகிவிடும்.

பிரித்து மாற்றியது

இவரிடம் இருந்தது பழைய 640×480 வெப்கேம். லென்ஸ் மரையில் சுழலும் வகை. அதனால் வேலை சுலபமாகிவிட்டது. லென்ஸைக் கழற்றித் திருப்பினால் பின்பக்கம் ஒரு சிறு சதுரக் கண்ணாடி ஒட்டியிருந்தது. நேராகப் பார்த்தால் வெளிர் நீலப்பச்சை, சாய்த்துப் பார்த்தால் இளஞ்சிவப்பு மின்னும். அதுதான் வடிகட்டி. பிளேடு முனையால் பசையை விளிம்போடு நெம்பினார். கண்ணாடி முழுசாக வராமல் இரண்டு துண்டாக உடைந்து வந்தது. இதில் ஆச்சரியமில்லை. தூள் லென்ஸில் விழாமல் இருக்க லென்ஸைக் கவிழ்த்துப் பிடித்துச் செய்ததும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டதும் நல்ல முடிவுகள். எல்லா வெப்கேமிலும் இது இவ்வளவு எளிதாக நடக்காது. சிலவற்றில் வடிகட்டி தனிக் கண்ணாடியாக இல்லாமல் லென்ஸின் மேலேயே பூச்சாக இருக்கும். அதைச் சுரண்டினால் லென்ஸே போய்விடும்.

வேலை முடிந்ததா என்று பார்க்க டிவி ரிமோட் போதும். ரிமோட்டின் விளக்கு பெரும்பாலும் 940 நானோமீட்டர். பட்டனை அழுத்தி லென்ஸுக்கு முன் காட்டினால், மாற்றுவதற்கு முன் மங்கலான புள்ளியாகத் தெரிந்தது இப்போது டார்ச் அடித்த மாதிரி தெரியும்.

பலரும் கவனிக்காமல் விடுவது ஃபோகஸ். லென்ஸுக்குப் பின்னாலிருந்த கண்ணாடியை எடுத்தால் பிம்பம் விழும் இடம் அந்தக் கண்ணாடித் தடிமனில் சுமார் மூன்றில் ஒரு பங்கு லென்ஸை நோக்கி நகரும். அகச்சிவப்புக்கு லென்ஸ் ஒளியை வளைப்பது சற்றுக் குறைவு என்பதால் அதில் பிம்பம் எதிர்ப்பக்கமாக, கொஞ்சம் தள்ளி விழும். இரண்டும் சரியாக ஈடாகாது. ஆகவே பகல் வெளிச்சத்தில் கூர்மையாக வைத்த ஃபோகஸ் இரவில் மங்கிவிடும். அவர் இரவில், அந்த விளக்கையே போட்டு, கதவில் ஒரு செய்தித்தாளை ஒட்டி அதன் பெரிய எழுத்து படிக்கத் தெரியும் வரை லென்ஸைத் திருகி வைத்தார். பிறகு மரையில் ஒரு சொட்டு நெயில் பாலிஷ்.

விளக்கைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. கடைகளில் 850, 940 என்று இரண்டு வகை கிடைக்கும். 850 விளக்கில் நேராகப் பார்த்தால் மங்கலான சிவப்பு தெரியும். 940-இல் அதுவும் தெரியாது. ஆனால் 940-இல் சிலிக்கானின் உணர்திறன் நன்றாகக் குறைந்துவிடும். பழைய வெப்கேமுக்கு வெளிச்சம்தான் முக்கியம் என்று 850-ஐ எடுத்தார். சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

"உடம்புச் சூடு தெரியுமா?"

கேமரா வரப்போகிறது என்றதும் ஊரில் எழுந்த முதல் கேள்வி இது. சினிமாவில் வருவதுபோல ஆள் சிவப்பும் மஞ்சளுமாகத் தெரிவார் என்று பலர் எதிர்பார்த்தார்கள். தெரியாது. உயிருள்ள உடம்பு வெளியிடும் வெப்பக் கதிர் 9, 10 மைக்ரோமீட்டர் பக்கம் உச்சத்தில் இருக்கும். அது 9000, 10000 நானோமீட்டர். சிலிக்கான் 1100-இலேயே நின்றுவிடுகிறது. அந்தக் கதிர் சாதாரணக் கண்ணாடி லென்ஸைத் தாண்டி உள்ளே வரவும் முடியாது. வெப்பப்படக் கேமராக்களில் ஜெர்மேனியம் லென்ஸும் வேறு வகை சென்சாரும் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இளைஞர் இதை வாயால் விளக்கிக்கொண்டிருக்காமல் செய்து காட்டினார். இருட்டறையில் சால்டரிங் அயர்னை (ஈயம் உருக்கிப் பற்ற வைக்கும் சூட்டுக்கோலை) முழுச் சூட்டில் வைத்தார். அதன் முனை கண்ணுக்கு ஒளிரவில்லை. கேமராவில் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. பக்கத்தில் நீட்டிய கை சுத்தமாகத் தெரியவில்லை. 400 டிகிரி பக்கம் சூடேறிய இரும்பே இவ்வளவு கஷ்டப்பட்டுத்தான் தெரிகிறது என்றால் கரடியின் உடம்புச் சூட்டை எதிர்பார்ப்பதில் அர்த்தமில்லை. விளக்கு இல்லாமல் இந்தக் கேமராவுக்குப் பார்வை இல்லை. அதைப் புரிந்துகொண்ட பிறகு ஊர்ப் பேச்சு கொஞ்சம் அடங்கியது.

முதல் இரவுகள்: வெள்ளைத் திரை

கேமராவைப் பின்பக்கக் கூரை விளிம்புக்குக் கீழே பொருத்தினார்கள். லேப்டாப் உள்ளே அலமாரியில். யுஎஸ்பி வயர் 5 மீட்டரைத் தாண்டினால் இடையில் சிக்னலைத் தூக்கிவிடும் கேபிள் வேண்டும். இங்கே தாண்டவில்லை. விளக்கை லென்ஸுக்கு ஒட்டியே வைத்தார்கள். கடையில் விற்கும் இரவுக் கேமராக்களும் அப்படித்தானே இருக்கின்றன, லென்ஸைச் சுற்றி வட்டமாக எல்ஈடி.

மூடுபனி இல்லாத முதல் இரவில் படம் நன்றாகவே வந்தது. கதவும் படியும் தெரிந்தன. பின்னால் தேயிலைச் செடிகள் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளையாக இருந்தன. பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு அகச்சிவப்பில் பாதி அளவுக்குத் திருப்பி அனுப்பிவிடும். பச்சைத் தோட்டம் வெள்ளையாகத் தெரிவது அதனால்தான்.

அடுத்த நாள் மாலையே பனிமூட்டம் இறங்கிவிட்டது. ஐப்பசி, கார்த்திகையில் கோத்தகிரிப் பக்கம் இப்படித்தான் இருக்கும், வடகிழக்குப் பருவமழைக் காலம். காலையில் பார்த்தால் நூற்றுக்கணக்கில் படங்கள், எல்லாம் வெறும் வெள்ளை. கதவுகூடத் தெரியவில்லை. பனி நகர்வதையே அசைவாக எடுத்துக்கொண்டு மென்பொருள் விடிய விடியப் படம் பிடித்திருந்தது. போதாக்குறைக்கு லென்ஸுக்கு முன்னால் ஒரு சிலந்தி வலை கட்டிவிட்டது. ஒரு நூல் குறுக்கே போனாலும் அந்த வெளிச்சத்தில் அது கயிறு மாதிரி தெரியும்.

அகச்சிவப்பு பனியைத் துளைத்துக்கொண்டு போகும் என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. இந்த வகை அகச்சிவப்புக்கு அது பொருந்தாது. மூடுபனியின் நீர்த்துளி பல மைக்ரோமீட்டர் அகலம். 850 நானோமீட்டர் என்பது ஒரு மைக்ரோமீட்டர்கூட இல்லை. ஒளியின் அலைநீளத்தைவிடத் துளி இவ்வளவு பெரிதாக இருந்தால், கண்ணுக்குத் தெரியும் ஒளியைச் சிதறடிப்பதுபோலவே இதையும் சிதறடிக்கும். விளக்கு லென்ஸை ஒட்டி இருந்தால் சிதறிய ஒளியில் பெரும்பங்கு நேராக லென்ஸுக்கே திரும்பி வரும். மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இது தெரிந்ததுதான். பனியில் ஹைபீம் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர்தான்.

விளக்கை நகர்த்தியது

அதிக வாட் விளக்கு வாங்கலாமா என்று யோசித்தார்கள். வாங்கியிருந்தால் வெள்ளை இன்னும் வெள்ளையாகியிருக்கும். அதற்குப் பதிலாக விளக்கைக் கேமராவிலிருந்து பிரித்தார்கள். கதவின் மறுபக்கம், தாழ்வாக, விறகு அடுக்கியிருந்த மூலையில் வைத்துப் பக்கவாட்டில் கதவை நோக்கித் திருப்பினார்கள். இப்போது ஒளி கேமராவுக்கு நேர் முன்னால் இருக்கும் பனியைத் தொடுவதில்லை. கதவையும் படியையும் மட்டும் தொடுகிறது. விளக்கு கதவுக்குக் கிட்டே வந்ததில் வெளிச்சமும் கூடியது. தூரம் பாதியானால் வெளிச்சம் நான்கு மடங்கு. கடும் பனியில் இதுவும் தோற்றது. நடுத்தரப் பனியில் கதவு தெரிந்தது, அது போதும். லென்ஸைச் சுற்றி விளக்கு பொருத்திய கேமராவை வாங்கியிருந்தால் இந்தப் பிரிப்புக்கே வழி இருந்திருக்காது. இந்த வழக்கில் வெப்கேமின் உண்மையான லாபம் இதுதான் என்பது என் கருத்து.

இதற்கு ஒரு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. இரவில் விலங்குகளின் கண் மின்னுவது விழித்திரைக்குப் பின்னாலுள்ள ஒரு பிரதிபலிப்புப் படலத்தால். அது ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும். விளக்கும் லென்ஸும் பக்கத்தில் இருந்தால்தான் கேமராவுக்கு அந்த மினுக்கம் கிடைக்கும். விளக்கைத் தள்ளி வைத்ததும் கண் மின்னுவது நின்றுவிட்டது. இரண்டு புள்ளி தெரிந்தால் விலங்கு என்று சட்டென்று சொல்லும் வழி அடைபட்டது. இனி உருவத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

மென்பொருளில் கதவையும் படியையும் தவிர மற்ற இடங்களை இளைஞர் அசைவுக் கணக்கிலிருந்து விலக்கினார். பொய்ப் படங்கள் பெருமளவு குறைந்தன.

இன்னொரு முடிவும் இந்தக் கட்டத்தில் எடுக்கப்பட்டது. கடைக்குப் பின்னால் போகும் ஒற்றையடிப் பாதையில்தான் பெண்கள் விடிந்ததும் இலை பறிக்கப் போவார்கள். வடிகட்டி எடுத்த கேமராவில் பகலில் நிறங்கள் மாறுவதோடு சில மெல்லிய செயற்கை இழைத் துணிகள் ஓரளவு ஊடுருவித் தெரியவும் கூடும். இதைக் கேட்டதும் கடைக்காரம்மா, பாதை படத்திலேயே வரக் கூடாது என்று சொல்லிவிட்டார். கேமராவைக் கீழ்நோக்கிச் சாய்த்தார்கள். இரவு பத்து மணிக்கு மேல், விடிவதற்கு முன் வரை மட்டும் ஓடும்படி நேரமும் வைத்தார்கள்.

நின்ற உருவம்

விளக்கை மாற்றிச் சில நாட்களில் கதவு மறுபடி ஆட்டம் கண்டது. படம் விழுந்திருந்தது. நான் முதலில் பார்த்தது அந்தப் படத்தைத்தான். கதவின் மேல் சாய்ந்தபடி, இரண்டு காலில் நிற்கும் ஒரு கருப்பு உருவம். ஓரங்கள் இழுபட்டு மங்கியிருந்தன. தோளும் தூக்கிய கையும் போலத் தெரிந்தன. படத்தைப் பார்த்த நாலைந்து பேரில் இருவர் "ஆள்தான், போர்வை போர்த்தியிருக்கான்" என்றார்கள். ஒருவர் அந்தப் பையன் பெயரையும் சொன்னார்.

கடைக்காரம்மா அன்றைக்குப் படத்தை யார் போனுக்கும் அனுப்ப விடவில்லை. படம் ஏன் இழுபட்டது என்று முதலில் பார்க்கச் சொன்னார். காரணம் வெப்கேமின் தானியங்கி எக்ஸ்போஷர். வெளிச்சம் குறைந்தால் அது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அதிக நேரம் ஒளியை வாங்கும். அதற்குள் அசைந்தது எல்லாம் கோடாக இழுபடும். இளைஞர் எக்ஸ்போஷரைக் கைமுறைக்கு மாற்றிக் குறைத்தார். குறைத்ததால் படம் இருண்டது. அதை ஈடுகட்ட இன்னொரு விளக்கைக் கதவின் இந்தப் பக்கமும் தாழ்வாக வைத்தார். மின்சாரம் போனால் லேப்டாப் ஓடும், விளக்கு அணைந்துவிடும் என்பதால் பழைய பைக் பேட்டரி ஒன்றும் சேர்ந்தது.

அடுத்த முறை வந்தபோது தொடர்ச்சியாகப் பல படங்கள் கிடைத்தன. நாலு காலில் வருகிறது, படியை முகர்கிறது, எழுந்து நின்று முன்னங்கால்களால் கதவை அழுத்துகிறது. திரும்பும்போது நெஞ்சில் வெளிறிய 'வி' வடிவப் பட்டை. நம் மலைக் கரடிக்கு உள்ள அடையாளம் அது. வெள்ளையாகத் தெரியும் தேயிலைக்கு முன்னால் கருத்த உடம்பு தெளிவாக விழுந்திருந்தது. இந்தப் படத்தைப் பார்த்தபின் யாரும் போர்வை என்று சொல்லவில்லை.

அதன் பிறகு

கரடி 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், மிகக் கடுமையான பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் இருக்கிறது. பொறி வைப்பது, வெடி போடுவது என்ற பேச்சு ஒருவரிடமிருந்து வந்தது. அது அங்கேயே நிறுத்தப்பட்டது. படங்களை வனத்துறை ஊழியர்களிடம் காட்டினார்கள். அவர்கள் வந்து பார்த்துவிட்டு, எண்ணெய் வாசனை இருக்கும் வரை அது வரும் என்றார்கள். எண்ணெயும் வெல்லமும் மாலையில் வீட்டுக்குப் போயின. கிழிந்த பாக்கெட்டுகளைக் கடைக்குப் பின்னால் வீசுவது நின்றது. கதவுக்கு இரும்புச் சட்டம் அடித்தார்கள். அதற்குப் பிறகும் கரடி வந்ததைக் கேமரா காட்டியது. முகர்ந்து பார்க்கும், கொஞ்ச நேரம் நிற்கும், போய்விடும். தை மாதத்துக்குள் அந்த வருகையும் அரிதாகிவிட்டது. வேறு கடை கிடைத்ததோ என்னவோ.

பீடிக் கட்டும் சில்லறை டப்பாவும் போன கதை தீரவில்லை. அது கேமரா வைப்பதற்கு முன் நடந்தது. கதவு திறந்து கிடந்த காலை நேரத்தில் யார் வேண்டுமானாலும் கை நீட்டியிருக்கலாம். டப்பா அன்றைக்கு உள்ளேதான் இருந்ததா என்பதிலேயே கடைக்காரம்மாவுக்குப் பிறகு சந்தேகம் வந்தது. அந்தப் பையனின் பெயரை யாரும் அப்புறம் எடுக்கவில்லை. அவனிடம் யாரும் வருத்தம் தெரிவித்ததாகவும் தெரியவில்லை. பழைய பாக்கியை மட்டும் கடைக்காரம்மா கொஞ்ச நாள் கேட்காமல் விட்டார்.

மறுபடி செய்தால்

விளக்கை முதலிலிருந்தே கேமராவை விட்டுத் தள்ளி வைக்க வேண்டும். மலையில் இரவுக் கேமரா வைக்கிற எவருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான், வாங்கிய கேமராவாக இருந்தாலும் சரி. அதிலுள்ள எல்ஈடி வட்டத்தைக் கருப்பு டேப்பால் மறைத்துவிட்டுத் தனி விளக்கைப் பக்கவாட்டில் வைக்கலாம். எக்ஸ்போஷரை முதல் நாளே கைமுறைக்கு மாற்றி, ஒரு ஆளைக் கதவுக்கு முன் நடக்கவிட்டும் உட்கார்ந்து எழச் சொல்லியும் படம் எடுத்து வைத்திருந்தால், அந்த நின்ற உருவத்தை ஆளோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கலாம். அரை நாள் சந்தேகம் மிச்சமாகியிருக்கும்.

கேமராவின் உட்பக்கம் ஈரம் கோத்து லென்ஸ் மங்கியது தனிப் பிரச்சினை. ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தை உள்ளே வைத்து, மூடியின் இடுக்கை அடைத்ததில் பெரும்பாலும் சரியானது. சிலந்திக்கு மட்டும் வாரம் ஒருமுறை துணியால் துடைப்பதைத் தவிர வேறு வழி கிடைக்கவில்லை.

வடிகட்டியை எடுத்த வெப்கேம் திரும்பப் பகல் கேமரா ஆகாது. கடைக்காரம்மாவின் பேத்தி அதை ஆன்லைன் வகுப்புக்குப் பயன்படுத்திப் பார்த்தாள். முகம் ஊதா பூத்து, கருப்புச் சட்டை செம்பழுப்பாகி, மொத்த வகுப்பும் சிரித்திருக்கிறது. வீட்டில் இருப்பது ஒரே கேமரா என்றால், பழைய சாமான் கடையில் இன்னொன்று வாங்கி அதில் பிளேடு வைப்பது நல்லது.